ரிட்டர்ன் பார்சலை நீங்களே கூரியர் பண்ணணுமா? பணம் கைக்கு வர்ற வரைக்கும் கவனிக்க வேண்டியவை

ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்கிட்டீங்க. பிடிக்கல. ரிட்டர்ன் பட்டனை அழுத்தினா, "உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை. பொருளை நீங்களே கூரியர் மூலம் கீழ்க்கண்ட முகவரிக்கு அனுப்பவும்"னு ஸ்க்ரீன்ல வருது. பெரிய தளங்கள்ல இது எப்பவாவதுதான் நடக்கும், அதுவும் சின்ன ஊர்கள்ல. ஆனா பிராண்டோட சொந்த வெப்சைட், இன்ஸ்டாகிராம் கடை, வாட்ஸ்அப்ல புடவை விக்கிறவங்ககிட்ட வாங்குறவங்களுக்கு இதுதான் வழக்கமே. இதுக்கு 'செல்ஃப் ஷிப்'னு பேரு.

நம்ம சேனல்ல ரீஃபண்ட் பத்தி வீடியோ போட்டதுல இருந்து அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "சார், பார்சல் அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. கேட்டா எங்களுக்கு வரவே இல்லைங்கறாங்க, இல்லன்னா காலி டப்பா வந்துச்சுங்கறாங்க. என்ன பண்றது?" அந்தக் கட்டத்துல கேட்டா நான் சொல்றதுக்குக் கொஞ்சம்தான் இருக்கு. பார்சலை ஒட்டுறதுக்கு முன்னாடி கேட்டா நிறைய இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பிக்கப் பாய் வந்து, பொருளைப் பார்த்து, ஸ்கேன் பண்ணி எடுத்துட்டுப் போயிட்டார்னா, அதுக்கப்புறம் வழியில தொலைஞ்சா கம்பெனியோட தலைவலி. நீங்களே கூரியர் போட்டா, அது அவங்க குடோனுக்குப் போய்ச் சேர்ந்து, பிரிச்சுப் பார்த்து, "சரி"ன்னு சொல்ற வரைக்கும் உங்க தலைவலி. ஆடிட்ல நாங்க கேக்குற அதே கேள்விதான்: சரக்கு வழியில இருக்கும்போது யார் கணக்குல இருக்கு? செல்ஃப் ஷிப்ல அது உங்க கணக்குல இருக்கு. அனுப்பினதுக்கும், என்ன அனுப்பினீங்கங்கறதுக்கும், போய்ச் சேர்ந்ததுக்கும் ஆதாரம் வச்சிருக்க வேண்டியவர் நீங்கதான்.

அனுப்புறது கட்டுப்படியாகுமா?

ஒரு உதாரணம் போடுவோம். குர்த்தி விலை 899 ரூபாய். ஆர்டர் பண்ணும்போது ஷிப்பிங் 79 ரூபாய் தனியா கட்டியிருக்கீங்க. திருப்பி அனுப்ப கூரியருக்கு 140, கவர் டேப்புக்கு 20 ஆகும்னு வைங்க. ரிட்டர்ன் பண்ணா கைக்கு வர்றது 899 கழித்தல் 160, அதாவது 739 ரூபாய்.

அந்த 79-ஐ ஏன் கழிக்கலன்னு கேப்பீங்க. பெரும்பாலான கடைகள் அதைத் திருப்பித் தர்றதில்ல. நீங்க அனுப்பினாலும் அனுப்பாட்டியும் அது போன காசு. போன காசை இந்த முடிவுக்குள்ள கொண்டுவரக் கூடாது. "ஏற்கனவே 79 போச்சு, இன்னும் 160 போகணுமா"ன்னு நினைச்சு 739 ரூபாயை விட்டுட்டு உக்காந்திருக்கிறவங்க நிறைய பேர். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இப்போ 160 போட்டா 899 வருமா?

ஆனா கடை பணமா தராம, ஸ்டோர் கிரெடிட்டா தந்தா கணக்கு மாறும். திரும்ப அந்தக் கடையில வாங்கப் போற ஆளா இருந்தாதான் 899 கிரெடிட் 899-க்குச் சமம். ஒரே ஒரு தடவை விளம்பரம் பார்த்து வாங்கின கடைன்னா, அந்த கிரெடிட்டுக்காக 160 ரூபாய் ரொக்கம் செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. அதுக்குக் கடைசி தேதி இருக்கான்னும் பாருங்க.

எடை விஷயத்துலதான் நிறைய பேர் அசந்துபோறாங்க. கூரியர்காரங்க தராசு எடையை மட்டும் பாக்க மாட்டாங்க, டப்பா அடைக்கிற இடத்தையும் எடையா மாத்துவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ.ல பெருக்கி, பொதுவா 5000-ஆல வகுப்பாங்க. 40, 30, 20 செ.மீ. டப்பான்னா 24,000. அதை 5000-ஆல வகுத்தா 4.8 கிலோ. உள்ள இருக்கிற பொருள் ஒன்றரை கிலோதான் இருந்தாலும் 5 கிலோவுக்கு பில் போடுவாங்க. இந்த வகுக்குற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால புக் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. துணிமணியை அட்டைப்பெட்டியில வைக்காம பிளாஸ்டிக் கூரியர் கவர்ல போட்டா பாதிச் செலவு குறையும். பிராண்டு டப்பாவோட அனுப்பியே ஆகணும்னா, அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டி தேடாதீங்க. அந்த டப்பா மேலேயே பப்பிள் ஷீட் சுத்தி, கவர் போட்டு ஒட்டுங்க. டப்பா மேல நேரா அட்ரஸ் எழுதுறதோ லேபிள் ஒட்டுறதோ வேண்டாம். "ஒரிஜினல் பேக்கிங் பாழாயிடுச்சு"ன்னு ரிஜெக்ட் பண்ண அது ஒரு காரணமாயிடும்.

என்னோட சொந்த அளவுகோல்: அனுப்புற செலவு பொருள் விலையில மூணுல ஒரு பங்கைத் தாண்டுதுன்னா, தெரிஞ்சவங்க யாருக்காவது குறைச்ச விலைக்குக் கொடுத்துடலாம். அதுக்குக் கீழ இருந்தா அனுப்பலாம். இது நீங்க மனசு மாறி அனுப்புற பொருளுக்கு மட்டும். குறையுள்ள பொருளுக்கு இந்தக் கணக்கே வேற.

பிடிக்கலையா, குறையா?

இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதுதான் அதிகமாப் பணம் போற இடம்.

பிரிட்டன்ல ஆன்லைன்ல வாங்கின பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம், சட்டமே அந்த உரிமையைத் தருது. நம்ம ஊர்ல அப்படி ஒரு பொது உரிமை கிடையாது. "கலர் பிடிக்கல", "மனசு மாறிடுச்சு"ன்னு திருப்பித் தர்றது முழுக்க கடையோட ரிட்டர்ன் பாலிசியைப் பொறுத்தது. பாலிசியில 7 நாள்னு போட்டிருந்தா 7 நாள். 'ரிட்டர்ன் கிடையாது'ன்னு போட்டிருந்தா கிடையாது. அந்த நாள் கணக்கு டெலிவரியான தேதியில இருந்து ஓடுதா, நீங்க ரிக்வெஸ்ட் போடுறதுக்கான கடைசி நாளா, பொருள் அவங்ககிட்ட போய்ச் சேர வேண்டிய நாளான்னு வரிக்கு வரி படிங்க. செல்ஃப் ஷிப்ல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா கூரியர் போய்ச் சேரவே நாலஞ்சு நாள் ஆகலாம்.

குறையுள்ள பொருள்னா நிலைமை தலைகீழ். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-க்குக் கீழ வந்த 2020-ஆம் வருஷ இ-காமர்ஸ் விதிகள் தெளிவாச் சொல்லுது: பொருள் பழுதா இருந்தாலோ, போலியா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாம இருந்தாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலோ, விற்பனையாளர் திரும்ப எடுத்துக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. அவங்க கையை மீறின காரணத்தால தாமதம்னா மட்டும் விலக்கு. 'நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்'னு பில்லுல கொட்டை எழுத்துல அச்சடிச்சிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது.

இப்போ ரிட்டர்ன் ரிக்வெஸ்ட்ல வர்ற அந்த 'காரணம்' லிஸ்டைப் பாருங்க. பட்டுப்புடவைன்னு போட்டு விஸ்கோஸ் அனுப்பியிருக்காங்க. நீங்க அவசரத்துல, "எதைச் சொன்னா என்ன"ன்னு 'இனி தேவையில்லை'ங்கறதைத் தேர்ந்தெடுத்துடுறீங்க. அந்த ஒரு கிளிக்குல, அவங்க தப்பை உங்க மனமாற்றமா மாத்தி எழுதிக் கொடுத்துட்டீங்க. கூரியர் செலவு கேக்க முடியாது. பாலிசி நாள் தாண்டியிருந்தா பணமே கேக்க முடியாம போகலாம். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு காட்டுற முதல் தாள் அந்த ஸ்க்ரீன்ஷாட்டாதான் இருக்கும். அதனால உண்மையான காரணத்தைத் தேர்ந்தெடுங்க, கூடவே ஃபோட்டோ போடுங்க.

அதே நேரம், நல்ல பொருளைக் கூரியர் காசு மிச்சம் பண்றதுக்காக 'பழுது'ன்னு சொல்லாதீங்க. குடோன்ல செக் பண்ணி, குறை ஒண்ணும் இல்லைன்னு ரிஜெக்ட் பண்ணா, பொருள் திரும்ப உங்க வாசலுக்கே வரும், சில கடைகள் அந்தச் செலவையும் உங்க தலையில கட்டும்.

கூரியர் செலவு யார் தரணும்? சொந்த ஸ்டாக்கை விக்கிற வெப்சைட்டுகள் ரிட்டர்ன், ரீஃபண்ட் விவரத்தோட திருப்பி அனுப்புற செலவு பத்தின தகவலையும் தெளிவாக் காட்டணும்னு அதே 2020 விதிகள் சொல்லுது. ஆர்டர் போடுற அன்னைக்கே அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, பாலிசி பக்கம் நடுவுல மாறுறது சகஜம். குறை அவங்களோடதுன்னா, கூரியர் செலவையும் தரச் சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. அனுப்பிட்டுக் கேட்டா, "இதுக்கு நாங்க ஒத்துக்கவே இல்லையே"ன்னு சொல்றது அவங்களுக்கு ரொம்ப ஈஸி.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு மெயில்

ஃபோன்ல பேசினது எதுவும் கணக்குல வராது. கஸ்டமர் கேர்ல அந்தப் பொண்ணு "அனுப்புங்க சார், பாத்துக்கலாம்"னு சொன்னது உண்மையா இருக்கலாம், ஆனா அதை நீங்க எங்கேயும் காட்ட முடியாது. ஃபோனை வச்ச கையோட ஒரு மெயில் அனுப்புங்க. தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ, சாரம் இவ்வளவுதான்:

"இந்த ஆர்டர் எண்ணில், இந்தத் தேதியில் வந்த பொருளை இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்புகிறேன். ரிட்டர்ன் எண் இது. நீங்கள் கொடுத்த முகவரி இது. சரிதானா என உறுதி செய்யவும். கூரியர் கட்டணத்தை நீங்கள் தருகிறீர்களா, எவ்வளவு வரை, என்ன ரசீது வேண்டும்? பொருள் வந்து சேர்ந்த எத்தனை நாளில், எந்த வழியில் பணம் வரும்?"

கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கான்னு கேக்குறது சும்மா இல்ல. அவங்க 100 ரூபாய் வரைதான் தருவாங்கன்னு பின்னாடி தெரிஞ்சா, நீங்க 260 ரூபாய் கூரியர்ல போட்டிருக்க மாட்டீங்க. வாட்ஸ்அப் கடைன்னா இதே விஷயத்தை வாட்ஸ்அப்லயே அனுப்புங்க. அவங்க 'ஓகே'ன்னு ஒரு வார்த்தை போட்டாலும் போதும், ஆனா அந்தச் சாட்டை உடனே எக்ஸ்போர்ட் பண்ணி உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க.

புக்கிங் கவுன்ட்டர்ல

பேக் பண்றதை ஒரே டேக்ல வீடியோ எடுங்க. பொருள், டேக், சீரியல் நம்பர் இருந்தா அது, உள்ள வைக்கிறது, ஒட்டுறது, கடைசியா மேல இருக்கிற முகவரி. நடுவுல கட் பண்ணாதீங்க. ரெண்டு நிமிஷ வீடியோ போதும், பின்னணிப் பாட்டு வேண்டாம்! பார்சலுக்குள்ள பில் நகல் ஒண்ணும், ஆர்டர் எண், ரிட்டர்ன் எண், உங்க ஃபோன் நம்பர் எழுதின துண்டுத்தாள் ஒண்ணும் வைங்க. வெளி லேபிள் கிழிஞ்சு போனாலும் குடோன்காரங்களுக்கு இது யாரோடதுன்னு தெரியும். ரிட்டர்ன் எண் இல்லாம போற பார்சல் குடோன் மூலையில மாசக்கணக்கா தூங்கும்.

கவுன்ட்டர்ல எடை போடும்போது கவனமா இருங்க. "ஒரு கிலோ"ன்னு குத்துமதிப்பா எழுதுவாங்க. தராசுல 1.460 காட்டினா அதையே ரசீதுல எழுதச் சொல்லுங்க. நாளைக்கு 'காலி டப்பா வந்துச்சு'ன்னு சொன்னா, உங்க கையில இருக்கிற பலமான பதில் அந்த எடைதான். காலி டப்பா ஒன்றரை கிலோ இருக்காது. தபால் ஆபீஸ் ஸ்பீட் போஸ்ட்ல எடை கம்ப்யூட்டர் ரசீதிலேயே அச்சாகி வரும், அதனால கொஞ்சம் விலை உயர்ந்த சின்னப் பொருளுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். எந்தக் கிராமத்துப் பின்கோடுக்கும் போகும்ங்கறது இன்னொரு வசதி. 2025-ல ரெஜிஸ்டர்டு போஸ்ட்டை ஸ்பீட் போஸ்ட்டோட இணைச்சுட்டாங்க. குறிப்பிட்ட ஆள் கையிலதான் கொடுக்கணும்னா ஸ்பீட் போஸ்ட்லயே ரெஜிஸ்ட்ரேஷன் வசதியைத் தனியாக் கேட்டு வாங்கணும். தனியார் கூரியர் பெரும்பாலும் வேகமா போகும், ஆனா பிவண்டி, பெங்களூரு புறநகர் மாதிரி குடோன் ஏரியாக்களுக்கு அந்தக் கிளை டெலிவரி பண்ணுதான்னு முதல்ல பின்கோடைச் சொல்லிக் கேளுங்க. 'டு பே'ல, அதாவது வாங்குறவங்க பணம் கட்டுற மாதிரி அனுப்பாதீங்க. குடோன் வாசல்லேயே திருப்பி விட்டுடுவாங்க.

பவர் பேங்க், பேட்டரி உள்ள சாமான், பெர்ஃப்யூம் இதெல்லாம் விமானத்துல ஏத்த மறுப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு உண்மையைச் சொல்லி, தரைவழியில போடுங்க. மறைச்சு அனுப்பி நடுவுல பிடிச்சா பார்சல் அங்கேயே நின்னுடும், உங்க ரிட்டர்ன் தேதியும் போயிடும்.

ரசீதோட பின்பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல. பார்சல் தொலைஞ்சா கம்பெனியோட பொறுப்பு இவ்வளவுதான்னு அங்க சின்ன எழுத்துல போட்டிருக்கும். பல ரசீதுகள்ல அது வெறும் நூறு ரூபாய்! "அதெல்லாம் கோர்ட்ல நிக்காது"ன்னு சொல்லுவாங்க. 1996-ல பாரதி நிட்டிங் கம்பெனி வழக்குல என்ன ஆச்சுன்னா, ஜெர்மனிக்கு அனுப்பின டாக்குமென்ட் கவர் போய்ச் சேரல, நஷ்டம் லட்சக்கணக்குல. கூரியர் ரசீதுல 100 டாலர்தான் பொறுப்புன்னு இருந்துச்சு, அதுல அனுப்பினவங்க கையெழுத்தும் இருந்துச்சு. உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலர் வரம்பை ஏத்துக்கிச்சு. அதனால ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு மேல மதிப்புள்ள பொருள்னா, மதிப்பை ரசீதுல எழுதச் சொல்லி, ரிஸ்க் கவர் அல்லது இன்ஷூரன்ஸ் தனியா போடுங்க. 'ஓனர் ரிஸ்க்'னு டிக் பண்ணி நீட்டினா, அது உங்க ரிஸ்க்னு அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் ரசீதை ஃபோட்டோ எடுங்க. தெர்மல் பேப்பர், ரெண்டு மாசத்துல வெள்ளைத் தாள் ஆயிடும். டிராக்கிங்ல 'டெலிவர்டு'ன்னு வந்த அன்னைக்கே, தேதியும் வாங்கினவர் பேரும் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதே மெயிலுக்குப் பதிலா கடைக்கு அனுப்புங்க. டிராக்கிங் பக்கம் ரொம்ப நாள் இருக்காது.

பணம் வர்ற பாதை

நீங்க கட்டினது ஜிஎஸ்டியோட சேர்ந்த தொகை, வரவேண்டியதும் ஜிஎஸ்டியோட. "வரியை அரசாங்கத்துக்குக் கட்டிட்டோம்"னு யாராவது கழிச்சா ஒத்துக்காதீங்க. திரும்ப வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போட்டு அவங்க வரியைச் சரிக்கட்டிக்க சட்டத்துல வழி இருக்கு, அந்த வருஷம் முடிஞ்சு அடுத்த நவம்பர் 30 வரைக்கும் நேரமும் இருக்கு.

கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா, ரீஃபண்ட் வந்துடும்னு நம்பி பில்லைக் கட்டாம விடாதீங்க. ரீஃபண்ட் தாமதமானா வட்டியும் லேட் ஃபீஸும் உங்களுக்குத்தான். முழுசாக் கட்டிடுங்க, பணம் அப்புறமா கார்டுல வரவா நிக்கும். இஎம்ஐ-ல வாங்கினவங்க, ரீஃபண்ட் வந்த பிறகு அந்த இஎம்ஐ மூடியாச்சான்னு பேங்க்ல கேளுங்க, தானா மூடாத கேஸும் உண்டு. பிராசஸிங் ஃபீஸும், வட்டி மேல போட்ட ஜிஎஸ்டியும் பொதுவா திரும்ப வராது. 'நோ காஸ்ட்'னு சொன்ன இஎம்ஐ-ல அந்தச் செலவு அப்போதான் கண்ணுக்குத் தெரியும்.

கேஷ் ஆன் டெலிவரின்னா அக்கவுன்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி கேப்பாங்க, கொடுக்கலாம். யுபிஐ பின், ஓடிபி கேட்டா ஃபோனை வச்சுடுங்க. பணம் வாங்குறதுக்குப் பின் தேவையே இல்ல. கூரியர் கம்பெனி நம்பரைக் கூகுள்ல தேடி, முதல்ல வர்ற மொபைல் நம்பருக்கு ஃபோன் பண்றதும் ஆபத்து. "முகவரி அப்டேட் பண்ண 5 ரூபாய் கட்டுங்க"ன்னு லிங்க் அனுப்புவாங்க, இல்லன்னா ஸ்க்ரீன் ஷேர் ஆப் போடச் சொல்லுவாங்க. நம்பர் ரசீதுலயே இருக்கும், அதையே பாருங்க. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம 1930.

டெலிவர்டு ஆகியும் பணம் வரலைன்னா, கஸ்டமர் கேரோட மல்லுக்கட்ட வேண்டாம். வெப்சைட்ல கிரீவன்ஸ் ஆபீஸர் பேரும் மெயிலும் இருக்கணும், அது விதி. அவருக்கு எழுதினா 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். அதுலயும் நகரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கேஸ் இங்கேயே முடிஞ்சுடும். முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயே போடலாம். நீங்க கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, கடை டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், பிரச்சினை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம் இருக்கு. 899 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவாங்களான்னு கேட்டா, பெரும்பாலும் போக மாட்டாங்க. 18,000 ரூபாய் ஃபோனுக்குக் கண்டிப்பாப் போகணும். அப்போ அங்க வைக்க வேண்டியது வேற ஒண்ணுமில்ல: அந்த மெயில், அந்த வீடியோ, எடை போட்ட ரசீது, டெலிவர்டு ஸ்க்ரீன்ஷாட்.

தொழில் பண்றவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்க ஜிஎஸ்டி நம்பர் கொடுத்து வாங்கி, இன்புட் கிரெடிட் எடுத்திருந்தா, பொருளைத் திருப்பி அனுப்பின பிறகு அந்தக் கிரெடிட்டையும் ரிவர்ஸ் பண்ணணும். விற்பனையாளர் போட்ட கிரெடிட் நோட் உங்க 2பி-ல வந்திருக்கான்னு அந்த மாசமே பாருங்க. திருப்பி அனுப்பின கூரியர் செலவுக்கு உங்க நம்பர் போட்ட பில் வாங்கினா, அதுல இருக்கிற 18 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துக்கலாம். வெறும் கவுன்ட்டர் ரசீதை வச்சு எடுக்க முடியாது.